கொத்தாத கொக்கு

கொக்கு மடிக்க முதலில் தாள் சதுரமாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதக் கொடுத்திருப்பது நீளத் தாள். ஒரு மூலையைக் குறுக்கே மடித்து, மிஞ்சுகிற பட்டையைக் கிழித்துவிட்டால் சதுரம் ஆகிவிடும். ஆனால் ஸ்டேஷன் தாளைக் கிழிப்பது முறையில்லை என்பதால் அப்படியே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உங்கள் காவலர் இதை நான்காக மடித்து உறைக்குள் திணிப்பார். காலையில் வேறொருவர் எழுதிக் கொடுத்ததை அவர் மடித்ததைப் பார்த்தேன். ஓரத்தோடு ஓரம் சேர்க்கவே இல்லை. அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனும் அவர் மனைவியும். எனக்கும் அவளுக்கும் உறவு ஓர்ப்படி. வீட்டில் எல்லோருக்கும் நான் பெரியவள், அவள் சின்னவள். அதற்கு மேல் பெயர் வேண்டுமென்றால் உங்கள் படிவத்தில் ஏற்கனவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் காகிதம் மடிக்கிற கூட்டம் நடக்கும். ஓரிகாமி. அங்கே மூன்று மேசைகள். முதல் மேசை முதல் நிலை. படகு, தொப்பி, தவளை, கொக்கு. அங்கே எப்போதும் சத்தமும் சிரிப்பும்தான். ஒரு தையல்காரம்மா வருவார், வாய் ஓயாது. கை பேச்சுக்குப் பின்னால் கடனே என்று வரும். இரண்டாம் மேசையில் படத்தைப் பார்த்துத் தாமாக மடிக்கத் தெரிந்தவர்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அதற்குத் தலைவர் மாதிரி. அவர் மடித்தால் கோணம் சரியாக இருக்கும், உயிர் இருக்காது. மூன்றாம் மேசை என்னுடையது. முன்பு இரண்டொருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள், பிறகு நான் மட்டும்தான். அங்கே சிரிப்பு கிடையாது. வேலை நடக்கிற இடத்தில் சிரிப்பு எதற்கு?

நான் மடிக்கிற வண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே சதுரத் தாள், கத்தரி படக்கூடாது, ஒட்டக்கூடாது. ஆறு கால், இரண்டு கொம்பு, மூடியிருக்கிற இறக்கை, எல்லாம் அந்த ஒரே தாளுக்குள்ளிருந்து வர வேண்டும். முதலில் தாள் முழுக்க மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். பிறகு எல்லாக் கோட்டையும் ஒரே சமயத்தில் உள்ளே இழுக்க வேண்டும். ஒரு கோடு பிசகினால் தாள் வீண். கால்களைச் சின்ன இடுக்கியால் மெலிய வைத்து, கடைசியில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் வண்டு நிற்கும். இதில் எனக்கு மகிழ்ச்சி கிடைத்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். மகிழ்ச்சி என்பது முதல் மேசையில் வருகிற கோளாறு. கை தேறத் தேற அது போய்விடும். போகாவிட்டால் கை தேறவில்லை என்று பொருள்.

சின்னவளை அங்கே கூட்டிப்போனது நான்தான். என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"அவளும் ஞாயித்துக்கிழமை சும்மாதானே உக்காந்திருக்கா. கூட்டிட்டுப் போயேன்."

ஒரு வாரம் வருவாள், அலுத்துப்போகும் என்று நினைத்தேன். அவள் முதல் மேசையில் தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொக்கு மடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு மோசமான கொக்கை நான் பார்த்ததில்லை. மூலையோடு மூலை சேரவில்லை, ஒரு இறக்கை மேலே, ஒன்று கீழே. கழுத்து இருந்தது, கழுத்து நுனியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அலகு மடிக்க வேண்டும், அது இல்லை. மறந்துவிட்டாள் என்று எடுத்துச் சொன்னேன்.

"வேணும்னுதான்க்கா விட்டேன். அலகு இருந்தாத்தானே கொத்தும்? இது கொத்தாத கொக்கு."

மேசையே சிரித்தது. வாத்தியார்கூடத் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அன்றையிலிருந்து அவள் மடித்த எந்தக் கொக்குக்கும் அலகு கிடையாது. இது நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம், பின்னால் வருகிறது.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பயந்துபோய் வருகிறவர்கள் கையில் ஒரு கொக்கைக் கொடுத்து, "இது கொத்தாது, உள்ள இருக்கிற டாக்டரும் கொத்த மாட்டாரு" என்பாளாம். பெரிய ஆம்பளைகள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து, இன்னொன்று கேட்டார்கள். வீட்டில் மாடிப்படிக் கைப்பிடி நெடுகக் கட்டித் தொங்கவிட்டாள். நான் தினமும் அந்தக் கோணல் கொக்குகளைத் தாண்டி நடந்துதான் துணி காயப்போட மாடிக்குப் போக வேண்டும்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். பொறாமைப்பட அவளிடம் என்ன இருந்தது? எனக்கு இருந்தது எரிச்சல். ஒருத்தி ஒரு வேலையை இவ்வளவு தப்பாகச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருப்பது நியாயமாகப் படவில்லை. அதனால் திருத்தினேன். அவள் வேலைக்குப் போன பிறகு கைப்பிடியில் தொங்குகிற கொக்குகளை இறக்கி, பிரித்து, ஓரம் சேர்த்து மடித்து, அலகு வைத்துத் திரும்பக் கட்டினேன். என் அலகு மற்றவர்கள் அலகு மாதிரி இருக்காது. தலைக்கும் அலகுக்கும் நடுவே நூல் அளவு ஒரு படி வைத்து, நகத்தால் இழுத்துவிடுவேன். அப்போதுதான் முகம் வரும். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் அது கை வந்ததில்லை.

மறுநாள் பார்த்தால் எல்லா அலகும் நிமிர்த்தப்பட்டிருக்கும். கோபம் கிடையாது, கேள்வி கிடையாது. படியிறங்கி வரும்போது, "அக்கா, யாரோ வந்து என் கொக்குக்கெல்லாம் கோபம் வர வெச்சுட்டுப் போறாங்க" என்று சிரித்துக்கொண்டே போவாள். தாள் மட்டும் மறக்காது. நிமிர்த்தின கழுத்துகளில் என் மடிப்பின் கோடு இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆறுதல் அடைந்தேன்.

கடினமானதைக் கொடுத்தால் தன் இடம் தெரியும் என்று நினைத்து, வீட்டில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நண்டு சொல்லிக்கொடுத்தேன். பாதியில் தாள் கிழிந்தது. அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். கிழிந்த நண்டைத் தலையில் வைத்துக் கிரீடம் என்றாள். என் வீட்டுக்காரர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வண்டு எதையும் பார்த்து அவர் சிரித்ததில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லைதான்.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா ரெண்டாம் நிலைக்கு வந்துடலாம்" என்றேன்.

"எனக்கு இது போதும்க்கா."

இதைத்தான் அவள் எப்போதும் சொன்னாள். எனக்கு இது போதும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். யாருக்கும் எதுவும் போதும் என்று இருக்கக்கூடாது. எனக்குப் போதும் என்று ஒருநாள்கூட இருந்ததில்லை.

அவளுக்கு வீசிங் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வார்னிஷ் அவளுக்கு ஆகாது என்பது மட்டும் தற்செயலாகத் தெரியவந்தது. கீழ் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு வண்டுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தால் தூசி ஒட்டும். அவள் ஏதோ கேட்க உள்ளே வந்தாள், கதவைத் தாண்டுவதற்குள் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஓடிப்போய் அவள் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன், வெளியே கூட்டிப்போனேன், முதுகைத் தடவினேன். அன்று நான் உண்மையாகவே பதறிப்போனேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவள் சரியானதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க வண்டு என்னைக் கடிச்சிடுச்சுக்கா" என்றாள்.

அதன் பிறகு நூலகத்தில் கண்ணாடிப் பெட்டி விவகாரம் வந்தது. வாசலில் நுழைகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, கூட்டத்தில் செய்தது ஒன்றை அதில் வைக்கப் போவதாக நூலகர் சொன்னார். அந்தப் பெட்டியை மனதில் வைத்துத்தான் நான் அந்த வருடத்து வண்டை மடித்தேன். கொம்பு மட்டுமே தனி வேலை. கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்தும் குனிந்து உட்கார்ந்து, கழுத்து திரும்பாமல் போய், சூடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மடித்தேன்.

பெட்டியைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். உள்ளே கொத்தாத கொக்குகள். கொத்துக்கொத்தாக, கோணலாக, பல் ஆஸ்பத்திரித் துண்டுத் தாளில் மடித்தவைகூட இருந்தன. என் வண்டை உள்ளே தள்ளி, அகராதிகள் இருக்கிற அலமாரி மேல் வைத்திருந்தார்கள். நூலகர் தன்மையாகத்தான் பேசினார்.

"உங்களோடது ரொம்பப் பெரிய வேலைங்க. ஆனா ஜனங்க இதைத்தான் கேக்கறாங்க. பாத்தா அவங்களுக்கே மடிக்கணும்னு ஆசை வருதாம்."

எல்லோரும் அந்தக் கொக்குகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என் வண்டைப் பார்த்தவர்கள், "அப்பா, என்ன பொறுமை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் என்னிடம் வந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னாள். "அக்கா, என்னோடத எடுத்துடச் சொல்றேன். உங்க வண்டுதான் அங்க இருக்கணும். எனக்கு எங்க வெச்சாலும் போதும்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. என்னுடைய இடத்தை எனக்குத் தானமாகக் கொடுக்க அவள் யார்? வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நீங்கள் கேட்கிற நாளுக்கு வருகிறேன். மழை, மத்தியானம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஓட்டுக்குத் தகரம் பார்க்கக் கடைக்குப் போயிருந்தார்கள். அவளுக்குச் சளி பிடித்திருந்ததால் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டிருந்தாள். வாத்தியார் வந்து வாசலிலேயே நின்று அவளுக்கு ஒரு கட்டு வண்ணத் தாள் கொடுத்துவிட்டுப் போனார். நான் கீழ் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்ப்ரே அடித்தேன். வழக்கத்தைவிட அதிகமாக அடித்தேனா என்றால், ஆமாம். பிறகு, "புதுத் தாளை எடுத்துட்டு வா, ஒண்ணா மடிக்கலாம்" என்று கூப்பிட்டேன். நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. படியில் ஓடி வந்தாள். வாயெல்லாம் பல்.

சளி இருந்ததால் வாசனை தெரியவில்லை போலிருக்கிறது. உட்கார்ந்து தாளை எடுத்த பிறகுதான் மூச்சு பிடித்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே வரும்போது அவள் மாட்டிய கைப்பை கதவுக் கொக்கியில் தொங்கியது. கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினாள். நான் எழுந்து போய், பையைத் திறந்து, இன்ஹேலரை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தேன். அவளிடமிருந்து நான் எதையும் ஒளிக்கவில்லை. என் கையில், அவள் கண்ணெதிரே இருந்தது.

"ஒரே ஒரு கொக்கு மடி. ஓரம் சேரணும், அலகு இருக்கணும். உடனே தரேன்" என்றேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு கேட்கவில்லை, கெஞ்சவில்லை, தாளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் தவம் கிடக்கிற கவனம் அது. பேச்சில்லை, சிரிப்பில்லை. அறையில் அவள் மூச்சின் விசிலும் தாளின் சத்தமும் மட்டும்தான். மூலையோடு மூலை வைத்தாள், சேர்ந்தது. நகத்தால் இழுத்தாள். மடிப்பு நேராக வந்தது. நான் நடுவே ஒரு தடவை, "அவசரப்படாதே" என்றேன். உண்மையில் நன்றாக வந்துகொண்டிருந்தது. கெட்டுப்போகக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

இறக்கையை விரித்தாள். கழுத்தைத் தூக்கினாள். அங்கே நிறுத்திவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அலகு" என்றேன்.

உதடு நீலம் பாரித்திருந்தது. தலையை ஆட்டினாள். சொல் வர நேரம் எடுத்தது.

"போதும்... க்கா."

அப்போதும் அதே சொல். அந்த நேரத்திலும் ஒரு படி மேலே வர அவளுக்கு மனம் இல்லை. ஒரே ஒரு மடிப்புதான் பாக்கி, குழந்தைகூட மடிக்கும். என் கையில் இன்ஹேலர் இருந்தது. நான் காத்திருந்தேன். அவள் மேசை மேல் தலையைச் சாய்த்த பிறகும் காத்திருந்தேன். சத்தம் நின்றதும்தான் எழுந்தேன்.

இன்ஹேலரைத் துடைத்துப் பையில் போட்டேன். ஜன்னலைத் திறந்து வாசனை போகவிட்டேன். வண்டையும் ஸ்ப்ரேயையும் எடுத்து வைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கொக்கு கண்ணில் பட்டது. அவ்வளவு சுத்தமான கொக்கு, முகம் இல்லாமல் நின்றது. அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. திரும்ப வந்து அலகு மடித்தேன். அவள் விரல்களை விரித்து உள்ளே வைத்து மூடினேன். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சாயங்காலம் வரை இருந்தேன். காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய்.

டாக்டர் வீசிங் என்றார். எல்லோரும் நம்பினார்கள். கொழுந்தன் அவள் கையிலிருந்து அந்தக் கொக்கை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார், அண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவாக நூலகத்தில் எல்லோரும் கூடினார்கள். ஆளுக்கு ஒரு கொக்கு மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாம் மேசைக்காரர்கள்கூட, வாத்தியார்கூட, எல்லோரும் அலகில்லாமல். என்னையும் ஒன்று மடிக்கச் சொன்னார்கள். நான் தலைவலி என்றேன். கொழுந்தன் தன் பையிலிருந்ததை எடுத்து நடுவில் வைத்தார். தையல்காரம்மாதான் அழுதுகொண்டே குனிந்து பார்த்தார்.

"இதுக்கு மட்டும் அலகு இருக்கே. சின்னப் பொண்ணு அலகே வைக்க மாட்டாளே."

கொழுந்தன் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. நேராக உங்களிடம் வந்தார். அன்று மழையில் வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நின்றதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருந்தார்கள். நீங்கள் வாத்தியாரை இரண்டு நாள் இங்கே உட்கார வைத்தீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் இன்னும் இங்கேதான் இருப்பார்.

நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். சந்தேகப்பட்டு இல்லை. கொக்கை மேசை மேல் வைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, "இதுல நீங்கதான் பெரிய ஆளுன்னு சொல்றாங்க. இந்த மூக்கு வாத்தியார் மடிச்சதான்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்றீர்கள். பெரிய ஆள் என்று என்னை முதன்முதலில் சொன்னது நீங்கள்தான். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நூல் அளவுப் படி, நகம் இழுத்த கோடு, எல்லாம் அப்படியே இருந்தது. வாத்தியாருக்கு இந்தக் கை வராது என்றேன். அவர் மடித்தால் வாத்து மூக்கு மாதிரி இருக்கும் என்றேன். அப்ப யாருக்கு வரும் என்று கேட்டீர்கள். இன்னொருவர் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல மனிதர் அநியாயமாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் உண்மையைச் சொன்னேன். அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

கொழுந்தன் நேற்றுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாளா அண்ணி?" போதும் என்று சொன்னாள் என்றேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளதைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் அப்படி அழுதார் என்று தெரியவில்லை.

கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஸ்ப்ரே அடித்தது நான், கூப்பிட்டது நான், இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்ததும் நான். ஆனால் கோர்ட்டில் அந்தக் கொக்கைக் காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். அலகு மட்டும்தான் என்னுடையது. மற்ற ஒவ்வொரு மடிப்பும் அவளுடையது. மூலைகளைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம். அதைப் பார்க்கிற யாரும் இனி அவளை முதல் மேசைக்காரி என்று சொல்ல மாட்டார்கள். எத்தனையோ பேர் கொஞ்சிப் பார்த்தும் முடியவில்லை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்தான்.